பெருக்கிப் பாருங்கள்: மரக் கப்பல் கிட்டைக் கட்டுவதும் திருத்துவதும்

மரக் கப்பல் கிட் என்பது சிறிய மாதிரிக் கப்பலைக் கட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பு. அப்படி ஒன்றின் பெட்டியைத் திறந்தால் கட்டுக் கட்டாக மெல்லிய பலகைக் கீற்றுகள் இருக்கும். பல கிட்டுகளில் ஒவ்வொரு கீற்றும் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் நீளம். கையேட்டின் படத்தில் அவை கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே துண்டாக ஓடும். கிட்டின் அளவுவிகிதம் 1:64 என்று வைத்துக்கொள்ளுங்கள். 600-ஐ 64-ஆல் பெருக்கினால் 38 மீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு நீளமான ஒற்றைப் பலகைகளால் எந்தத் தச்சரும் கப்பலை மூடியதில்லை. உண்மைக் கப்பலில் ஆறு, ஏழு, எட்டு மீட்டர் பலகைகளை முட்டுக்கு முட்டு சேர்த்துத்தான் உடலை அடைத்தார்கள்.

கிட்டைத் திருத்துவது என்றாலே விலையுயர்ந்த பாகங்களை வாங்கிப் பொருத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. கையில் இருக்கும் பொருளை அளந்து, விகிதத்தால் பெருக்கி, “உண்மைக் கப்பலில் இது இந்த அளவில் இருந்திருக்குமா?” என்று கேட்பதில்தான் திருத்தம் தொடங்குகிறது. நுண்ணிய அளவெடுக்க ஒரு வெர்னியர் காலிப்பரும் பெருக்கல் தெரிந்த மனமும் போதும். பெட்டிக்குள் இருக்கும் பொருள்களில் எது சரி, எது வசதிக்காகச் செய்த சமரசம் என்று அவையே சொல்லிவிடும்.

முதலில் விகிதத்தைப் பார்த்துவிடுவோம். 1:48 என்பது பழைய ஆங்கில அளவில் ஓர் அடிக்குக் கால் அங்குலம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்குச் செய்யப்பட்ட மாதிரிகளில் பல இந்த அளவில்தான் இருக்கின்றன. கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். 1:96 அதில் பாதி, அதாவது அடிக்கு அரைக்கால் அங்குலம். 1:64 இரண்டுக்கும் இடைப்பட்டது. 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதர் 1:48-இல் 35 மில்லிமீட்டர் இருப்பார், 1:64-இல் 27, 1:96-இல் 18-க்கும் சற்றுக் குறைவு. உங்கள் கிட்டின் விகிதத்தில் இப்படி ஒரு மனித உருவத்தை அட்டையில் வெட்டி மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் மேல்தளத்தில் அவரை நிறுத்தினால் ஏணிப்படிகளில் அவரால் கால் வைக்க முடியுமா, கைப்பிடிச் சுவர் அவர் இடுப்புக்கு வருகிறதா கழுத்துக்கு வருகிறதா, கதவில் தலை இடிக்கிறதா என்பதெல்லாம் உடனே தெரியும். கிட்டோடு வரும் உலோக ஏணிகளும் சுக்கான் சக்கரங்களும் பல நேரங்களில் இந்தச் சோதனையில் தோற்கும். ஒரே ஏணியைப் பல விகிதக் கிட்டுகளுக்கும் பொதுவாகப் போட்டுவிடுவதே காரணம்.

எலும்புக்கூடு

இன்று விற்பனையாகும் கிட்டுகளில் பெரும்பாலானவை ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. கப்பலின் நெடுக்கே ஒரு நடுப்பலகை நிற்கும். அதில் வெட்டப்பட்ட பிளவுகளில் பிளைவுட்டால் ஆன குறுக்குச் சட்டங்களைச் செருக வேண்டும். அவற்றின் மேல் பலகை போர்த்தினால் கப்பலின் உடல் உருவாகும். உண்மைக் கப்பலில் சட்டங்கள் நெருக்கமாக, ஒன்றை ஒன்று ஒட்டியதுபோல் நிற்கும். கிட்டிலோ பதினைந்து சட்டங்கள்கூட இல்லாமல் போகலாம். இதில் தவறில்லை, வெளியே தெரியப் போவதில்லை. ஆனால் இடைவெளி அகலமாக இருந்தால் பலகை இரு சட்டங்களுக்கு நடுவே வளைவை இழந்து தட்டையாகிவிடும். கூர்மையாக வளையும் அணியத்திலும் (கப்பலின் முன்பகுதி) பின்பகுதியிலும் இது அப்பட்டமாகத் தெரியும். அந்த இடைவெளிகளைப் பால்சா மரக்கட்டையால் அடைத்து, சட்டங்களின் வளைவுக்கு ஏற்ப உப்புத்தாளால் தேய்த்துவிடுவது முதல் திருத்தம். செலவு சொற்பம், பலன் பெரிது.

எதையும் ஒட்டுவதற்கு முன் நடுப்பலகையை நேர்க்கோல் ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். பிளைவுட் சற்று முறுக்கிக்கொண்டிருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். பிறகு பலகை போர்த்தும்போது அந்த முறுக்கு கப்பலோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும். சட்டங்கள் நடுப்பலகைக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா என்பதையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் வேலை: சட்டங்களின் ஓரங்களைச் சாய்த்துத் தேய்ப்பது. லேசர் வெட்டிய ஓரம் சட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கும். ஆனால் பலகை அணியத்தை நோக்கி வளைந்து போகிறது. ஓரத்தைச் சாய்க்காவிட்டால் பலகை சட்டத்தின் ஒரு விளிம்பை மட்டுமே தொடும். பசை பிடிக்க அங்கே இடம் இருக்காது. மெல்லிய மரக்கீற்று ஒன்றை மூன்று நான்கு சட்டங்கள் மேல் கிடத்திப் பாருங்கள். ஒவ்வொரு சட்டத்தின் முழுத் தடிமனிலும் அது படிந்து கிடந்தால் வேலை முடிந்தது. எங்காவது தூக்கிக்கொண்டாலோ இடைவெளி தெரிந்தாலோ இன்னும் தேய்க்க வேண்டும், அல்லது மெல்லிய கீற்றை ஒட்டி உயர்த்த வேண்டும். கப்பலின் நடுவில் சாய்வே தேவைப்படாது. முனைகளை நெருங்க நெருங்கச் சாய்வு கூடும். ஒரு மாலைப் பொழுதை இதற்கு முழுதாகக் கொடுத்தாலும் தகும்.

பின்தூணை, அதாவது பின்முனையில் சுக்கானைத் தாங்கும் தூணை, இங்கேயே கவனித்துவிட வேண்டும். நடுப்பலகை 5 மில்லிமீட்டர் தடிமன், பின்தூணும் 5 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பல கிட்டுகளில் பலகையை இரண்டு அடுக்காகப் போர்த்த வேண்டும்: முதல் அடுக்கு 1.5, இரண்டாம் அடுக்கு 0.5. இருபுறமும் சேர்த்தால் 4. ஆக, பின்தூணுக்கு முன்னால் கப்பலின் தடிமன் 9 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. அங்கே 5 மில்லிமீட்டர் தூண் குட்டையாய் ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மைக் கப்பலில் நீர் சுக்கானை நோக்கி வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதால் பலகைகள் தூணோடு சமமாகவே முடியும். நடுப்பலகையின் பின்கீழ்ப் பகுதியை 1 மில்லிமீட்டர் கனமே மிஞ்சும்படி இருபுறமும் மெலியத் தேய்த்தால்தான் கணக்கு சரியாகும். சில கையேடுகள் இதைச் சொல்வதே இல்லை.

ஒரு பலகையை எப்படி வடிவமைப்பது

கப்பலின் உடல் பீப்பாய் போன்றது. நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்குவது. புதியவர்கள் தடுமாறுவதும், பிறகு பெருமைப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

நடுச் சட்டத்தில் மேலிருந்து அடிமரம் (கப்பலின் அடியில் நெடுக ஓடும் மரம்) வரை ஒரு காகிதப் பட்டையை ஒட்டினாற்போல் வைத்து அளந்து பாருங்கள். 100 மில்லிமீட்டர் வருகிறது என்று கொள்வோம். 5 மில்லிமீட்டர் பலகை என்றால் 20 வரிசைகள். இப்போது அணியத்தில் அதே அளவை எடுங்கள். அங்கே 60 மில்லிமீட்டர்தான் இருக்கும். 20 பலகைகள் 60 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் அங்கே 3 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். ஆகவே பலகையின் முன்முனை 5-இலிருந்து 3-க்குச் சீராக ஒடுங்க வேண்டும். இடையில் உள்ள சட்டங்களிலும் இதே வகுத்தலைச் செய்து, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய அகலத்தைப் பென்சிலால் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு மெல்லிய வளைகோடு கிடைக்கும். கூரான கத்தியால் கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, மீதியைச் சிறு இழைப்புளியாலோ உப்புத்தாளாலோ கோடு வரை கொண்டுவாருங்கள். வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்குமான இரண்டு பலகைகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகச் சீவினால் இரு பக்கமும் ஒத்திருக்கும்.

சில கப்பல்களில் அணியம் மிகவும் ஒடுங்கும். கணக்கு 2 மில்லிமீட்டர் என்று சொன்னாலும் 5 மில்லிமீட்டர் பலகையை இரண்டரைக்குக் கீழே ஒடுக்காதீர்கள். முனை பாதி அகலத்துக்கும் குறைந்தால் உண்மைக் கப்பலில் அங்கே ஆணி அடிக்கவும் இடமில்லை, இடுக்கை அடைக்கவும் இடமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தச்சர்கள் ஒரு பலகையை முன்கூட்டியே முடித்துவிட்டு, அடுத்த பலகையை அகலமாக்கி இரண்டின் இடத்தையும் அதற்கே கொடுத்தார்கள். பின்பகுதியில் நிலைமை நேர்மாறு: அடிப்பக்கம் விரிகிறது, பலகை போதாமல் போகிறது, இடையில் ஒரு கூடுதல் துண்டைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பல கிட் கப்பல்களின் அணியத்தில் ஊசிபோல் கூர்ந்து முடியும் பலகைகளைப் பார்க்கலாம். அளந்து வகுக்காமல், பலகை போன போக்கில் ஒட்டியதன் விளைவு அது.

வளைப்பதைப் பற்றிக் கொஞ்சம். மரத்தை வளையவைப்பதில் நீரைவிட வெப்பத்துக்கே பெரும் பங்கு. மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகுகிறது. ஆறும்போது புதிய வடிவிலேயே இறுகுகிறது. நீர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுசெல்ல உதவுகிறது. சிறிது நேரம் ஊறவைத்த பலகையைச் சூடான வளைப்பான் மேல் மெதுவாக அழுத்தி வளைத்து, கப்பலின் மேலேயே கவ்வியால் பிடித்து முழுதாக உலரவிடுங்கள். ஈரப் பலகையை அப்படியே ஒட்டக் கூடாது. நீரில் ஊறிய மரம் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. ஈரத்தில் இடுக்கின்றிப் பொருந்திய பலகை உலர்ந்ததும் சுருங்கி, வரிசைக்கு வரிசை மயிரிழை இடைவெளி விடும்.

பலகையைப் பக்கவாட்டில் பலவந்தமாக இழுத்துப் பொருத்துவதும் கூடாது. ஒரு பக்க விளிம்பு அழுந்த, மறுபக்க விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும். தேய்த்துச் சமமாக்கினால் அந்த இடத்தில் பலகை காகிதமாக மெலிந்துவிடும். பலகை தானாகப் போக விரும்பும் பாதையை அதைக் கிடத்திப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

மேலிருந்து சில வரிசை, அடிமரத்திலிருந்து சில வரிசை, இரண்டும் வயிற்று வளைவில் சந்திப்பது நல்ல ஒழுங்கு. வலம் ஒன்று, இடம் ஒன்று என்று மாறி மாறிப் போடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முடித்தால் இழுவிசையில் எலும்புக்கூடே கோணிவிடும். சட்டத்தோடு ஒட்ட வெள்ளை பிவிஏ பசையே எனக்குப் பிடித்தது. நொடியில் பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசை வசதிதான், ஆனால் அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். மரத்தில் சிந்தினால் கறை உப்புத்தாளுக்கும் போகாது. தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

இரட்டை அடுக்குக் கிட்டில் முதல் அடுக்கு வெளியே தெரியாது. பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே இடைவெளி விழுந்தால் நிரப்பி, தேய்த்து, இரண்டாம் அடுக்கில் மேலும் கவனமாகச் செய்யலாம். அதனால்தான் முதல் கப்பலுக்கு இரட்டை அடுக்குக் கிட்டையே பரிந்துரைக்கிறேன். அதுவும் ஒன்றிரண்டு பாய்மரங்கள் மட்டுமே கொண்ட சிறு கப்பலாக, 1:48 அல்லது 1:64-இல். 104 பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலான எச்எம்எஸ் விக்டரியை முதலில் எடுத்தால் ஒரே வேலையை நூறு முறை செய்ய வேண்டியிருக்கும், அதுவும் இன்னும் கை பழகாத நிலையில்.

கண்ணுக்குத் தெரிகிற திருத்தங்கள்

மேல்தளம்தான் பார்ப்பவர் கண் முதலில் விழும் இடம். 1:96 கிட்டில் 5 மில்லிமீட்டர் தளப்பலகை இருந்தால் உண்மையில் அது 480 மில்லிமீட்டர் அகலம். ஒரு முழத்துக்கும் சற்று மேல்! தளப்பலகைகள் பெரும்பாலும் 10 அங்குல அளவில் இருந்தன. 1:64-இல் அது 4 மில்லிமீட்டர், 1:96-இல் இரண்டரைக்கும் சற்று மேல். நீளம் 24 அடி என்று கொண்டால் 1:64-இல் 114 மில்லிமீட்டர். கிட்டின் நீண்ட கீற்றுகளை இந்த நீளத்துக்கு வெட்டி, முட்டுகள் தளத்தைத் தாங்கும் உத்தரங்களின் மேல் விழும்படி அமையுங்கள். அடுத்தடுத்த பலகைகளின் முட்டுகள் ஒரே உத்தரத்தில் வரக் கூடாது. இடையில் குறைந்தது மூன்று பலகைகள் கடந்த பிறகே மறுபடி அதே உத்தரத்தில் முட்டு வரலாம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் தளமே பலவீனமாகும்.

உண்மைக் கப்பலில் பலகை இடுக்குகளில் சணலைத் திணித்துக் கீல் (தார்) ஊற்றுவார்கள். அந்தக் கருங்கோட்டைக் காட்ட, ஒவ்வொரு பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய பென்சிலை ஓட்டினால் போதும். 1 மில்லிமீட்டர் கறுப்பு நூல் வைத்தால் 64 மில்லிமீட்டர் இடுக்கு ஆகிவிடும். பென்சில் போட்ட தளத்தை உப்புத்தாளால் தேய்த்தால் கரித்தூள் வெளிர் மரம் எங்கும் பரவும். கூரான தகட்டால் சுரண்டுவதே நல்லது. மர ஆணிகளுக்கும் இதே கணக்குதான். உண்மை மர ஆணி ஒன்றேகால், ஒன்றரை அங்குலக் கனம், 1:64-இல் 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதாக மூங்கிலை இழுத்துச் செய்ய முடியாவிட்டால் ஆணியே வேண்டாம். 1 மில்லிமீட்டரில் கருமையாகப் புள்ளி புள்ளியாக வைத்தால் கப்பலுக்கு அம்மை போட்டது போலாகும்.

கப்பலின் அடிப்பகுதியில் செம்புத் தகடு போர்த்த விரும்புகிறவர்கள் முதலில் எந்த ஆண்டுக் கப்பலைச் செய்கிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை 1779-க்குப் பிறகுதான் தன் கப்பல்களுக்குப் பெருமளவில் செம்புத் தகடு போர்த்தியது. விக்டரி 1765-இல் நீரில் இறக்கப்பட்டது. செம்பு வந்தது 1780-இல். பின்புறத்துத் திறந்த மாடங்கள் 1800-க்கும் 1803-க்கும் இடையிலான பெரும் பழுதுபார்ப்பில் மூடப்பட்டன. முகப்புச் சிலையும் அப்போதே எளிமையானது. ஆகவே 1805 டிரஃபால்கர் போரின் விக்டரியும் 1765-இன் விக்டரியும் தோற்றத்தில் வேறு வேறு. தகட்டின் அளவு நான்கு அடிக்குப் பதினான்கு அங்குலம். 1:64-இல் 19-க்கு 5.6 மில்லிமீட்டர். கிட்டின் தகடுகளில் ஆணித்தலைகள் புடைத்திருந்தால் அவற்றை அழுத்திவிடுங்கள். உண்மைத் தகட்டில் ஆணி இருப்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். 1869-இன் ‘கட்டி சார்க்’ என்ற பிரிட்டிஷ் வணிகப் பாய்க்கப்பலைச் செய்கிறீர்களா? அதன் அடிப்பகுதியில் போர்த்தியது செம்பும் துத்தநாகமும் கலந்த மன்ட்ஸ் உலோகம். நிறம் பித்தளைச் சாயல், செம்பின் சிவப்பு அல்ல.

பெட்டியின் மேல் உள்ள வண்ணப்படமும் இறுதித் தீர்ப்பு அல்ல. 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-இல் ஸ்டாக்ஹோமில் மேலே எடுக்கப்பட்ட ஸ்வீடன் போர்க்கப்பலான வாசாவின் சிற்பங்களைப் பல காலம் நீலப் பின்னணியில் வரைந்தார்கள். மரத்தில் ஒட்டியிருந்த நிறமிகளை ஆராய்ந்த பிறகே பின்னணி சிவப்பு என்று தெரிந்தது.

கயிறும் கப்பியும்

என்னைக் கேட்டால், உடலுக்கு அடுத்தபடி கப்பலை உயர்த்துவதும் தாழ்த்துவதும் கயிறுதான். பழைய அட்டவணைகளில் கயிற்றின் அளவைச் சுற்றளவாகவே குறித்திருப்பார்கள். விட்டம் என்று நினைத்து எடுத்தால் எல்லாம் மூன்று மடங்கு பருத்துவிடும். 12 அங்குலக் கயிறு என்றால் விட்டம் ஏறக்குறைய 97 மில்லிமீட்டர், 1:64-இல் 1.5 மில்லிமீட்டர் நூல். கிட்டில் இரண்டு மூன்று கன அளவுகள்தாம் வரும். உண்மைக் கப்பலில் பல. பாய்மரத்தை முன்னோக்கிப் பிடிக்கும் தடித்த கயிறும் ஏணிப்படியாகக் கட்டும் மெல்லிய கயிறும் ஒரே கனமாக இருந்தால் யாருக்கும் உறுத்தும். பருத்தி நூலின் மேல் நிற்கும் பிசிறு 1 மில்லிமீட்டர் என்றாலும் அது 64 மில்லிமீட்டர் முடி. பாலியெஸ்டர் நூலுக்கு மாறுங்கள், அல்லது தேன்மெழுகில் இழுத்துப் பிசிறைப் படியவையுங்கள். பாய்மரங்களை நிலையாகப் பிடிக்கும் கயிறுகளுக்குக் கீல் பூசுவார்கள். அவை அடர் பழுப்பு. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. பளபளக்கும் கறுப்பு எதற்கும் பொருந்தாது.

கிட்டின் கப்பியை உருப்பெருக்கியில் பாருங்கள். கூரான மூலைகளோடு ஒரு சதுரக் கட்டை, நடுவில் ஒரு துளை. உண்மைக் கப்பியின் முனைகள் உருண்டிருக்கும். உள்ளே சக்கரம் சுழல்வதால் கயிறு நட்ட நடுவில் நுழையாமல் ஒரு முனைக்கு அருகில் நுழையும். உள்ளே உப்புத்தாள் ஒட்டிய சிறு ஜாடியில் கப்பிகளைப் போட்டுச் சுழற்றினால் மூலைகள் உருளும். பிறகு துளைக்கு எதிர்ப்புறம் ஊசிமுனையால் ஒரு சிறு குழி இட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பள்ளம் கீறுங்கள்; உள்ளே சக்கரம் இருப்பதுபோல் கண் ஏற்றுக்கொள்ளும். வெளியே கயிறு கட்டும் தடத்தையும் அரத்தால் ஆழமாக்கினால், கட்டிய கயிறு நழுவாமல் அமரும்.

பாய்மரத்தின் பக்கவாட்டுக் கயிறுகளை இறுக்கும் மூன்று துளை மரவட்டுகள் ஜோடியாக வரும். மேல் வட்டில் ஒற்றைத் துளை மேலே, கீழ் வட்டில் ஒற்றைத் துளை கீழே. மேல் வட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதற்கு, இரண்டு முனைகளும் மடக்கிய கம்பி ஒன்றைச் செய்து மேல்வட்டுக்கும் கீழ்வட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, அதே இடைவெளியில் ஒவ்வொன்றையும் கட்டுங்கள்.

கட்டி முடித்ததும் கண்ணாடிப் பெட்டி அவசியம். கயிறுகளுக்குள் புகுந்த தூசியைப் பிறகு எடுக்கவே முடியாது. நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயில் மரத்தின் நிறத்தையும் கயிற்றின் சாயத்தையும் வெளுக்கும். பெட்டியை ஓக் மரத்தில் செய்யாதீர்கள், முழுவதும் காற்றடைப்பாகவும் மூடாதீர்கள். ஓக் போன்ற மரங்கள் வெளிவிடும் அமில ஆவி, பழைய கிட்டுகளின் ஈயம் கலந்த பீரங்கிகளையும் நங்கூரங்களையும் வெள்ளைத் தூளாக அரித்துவிடும். அருங்காட்சியகங்களே இதனோடு போராடியிருக்கின்றன. அடிப்பலகையில் சிறு காற்றுத் துளைகள் சிலவற்றை இட்டு, தூசி புகாதபடி மெல்லிய வலைத்துணியால் மூடிவிடுங்கள்.